கடல் கடந்து கற்ற மொழிநூல்

தன் முகத்தைத் தன் கண்ணாற் காண்டல் ஒருவர்க்கும் இயலாது. அதற்குக் கண்ணாடி வேண்டும். தாய்மொழியின் நிலையும் அத்தகையதே. மூச்சு விடுவோன் மூச்சை எண்ணாதவாறு போலப் பேசுவோனும் தன் பேச்சின் அமைப்பை எண்ணுவதில்லை. அதனை எண்ணுதற்கு அவன் சிறிது விலகி நிற்றல் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து சென்று மொழியியலிற் பட்டமேற்படிப்புக் கற்ற மாணவர் பெற்ற முதற்பேறு அவ்விலக்கமே எனலாம். அப்பேறு அவரளவில் நின்றதோ, தம்மூர்ப் பள்ளிக்கூடத்து வாயில்வரை வந்ததோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இலக்கணக் கல்வி யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. ஆறுமுக நாவலர் நன்னூலுக்குக் காண்டிகையுரை கண்டார். இலக்கணச் சுருக்கம் இயற்றினார். சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பிய உரைகளை அச்சேற்றினார். புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் அவ்வுரைகளுக்கு விளக்கக் குறிப்புக்கள் வரைந்தார். இப்பெரியோர் அனைவர்க்கும் மொழி என்பது ஏட்டிற் செவ்விதாக நின்ற மொழியே. பிழையற எழுதுவித்தலும், பழைய நூல்களைப் பிழையற உணர்வித்தலும் அவர்தம் நோக்கம். அந்நோக்கம் உயர்ந்தது, அதனால் விளைந்த நன்மையும் பெரிது. ஆயினும் மக்கள் எவ்வாறு பேசவேண்டும் என்பது ஒரு வினா. எவ்வாறு பேசுகின்றனர் என்பது பிறிதொரு வினா. முதல் வினாவிற்கு விடை கூறும் ஆசிரியர் யாழ்ப்பாணத்தில் மிகப் பலர் இருந்தனர். இரண்டாவது வினாவை முறைப்பட எழுப்புதற்குக் கப்பலேறவேண்டியிருந்தது.

அவ்வாறு சென்றோருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. பருத்தித்துறையை அடுத்த புலோலியிற் பிறந்த அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தது கி. பி. 7-ஆம், 8-ஆம் நூற்றாண்டுகளின் தமிழ்க் கல்வெட்டு மொழியை. புலவர் செய்யுளை விடுத்துக் கல்லில் வெட்டிய நன்கொடை எழுத்தைச் சான்றாகக் கொண்டமையே ஒரு புதுமை. செய்யுள் மரபைக் காக்கும். கல்வெட்டோ அக்காலத்து வழக்கைத் தன்னையறியாமலே காட்டிவிடும். பிழையெனத் தோன்றும் எழுத்தும் மொழிநூலார்க்குச் சான்றாகும் என்னும் பாடத்தை அவர் ஆங்குக் கற்றிருத்தல் வேண்டும். 1935-இற் கலாநிதிப் பட்டம் பெற்று ஈழம் மீண்டவர், 1947-இல் விபுலாநந்த அடிகள் மறைந்தபின் இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியரானார்.

அவர் கல்லோடு நின்றிருப்பின் அவர் கல்வி புலமைக் கல்வியாகவே முடிந்திருக்கும். 1940-இல் வெளிவந்த 'நானாடகம்' அவ்வாறன்று என்பதை உணர்த்தும். அந்நாடகங்களில் யாழ்ப்பாணத்துக் கிராமத்தார் தம் வீட்டிற் பேசும் பேச்சையே பேசுகின்றனர். நகைப்புக்காகச் சில சொற்களைத் தூவும் முறை அன்று அது. பாத்திரத்தின் நிலையும் வீறும் அப்பேச்சிலேயே விளங்குகின்றன. பின்னர் 1958-இல் யாழ்ப்பாணத் தமிழின் ஒலியமைப்பைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய கட்டுரை இந்திய மொழியியல் இதழின் சிறப்பு மலரில் இடம்பெற்றது. நாடகாசிரியனின் செவியும் ஆராய்ச்சியாளனின் செவியும் ஒருவரிடத்தே கூடிய அருமை இது.

அடுத்த தலைமுறையினர்க்கு இலண்டன் ஒன்றே வழியன்று. சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் தலைமையில் மொழியியல் வளர்ந்தது. ஆங்குக் கற்ற யாழ்ப்பாணத்தவருள் சு. சுசீந்திரராசா தலையாயவர். 1967-இல் அவர் முடித்த கலாநிதிப்பட்ட ஆராய்ச்சியின் பொருள் இலங்கைத் தமிழ், சிறப்பாக யாழ்ப்பாணத் தமிழ்.

ஈண்டு ஒரு வியப்பு உண்டு. இலண்டன் சென்றவன் அயல்மொழியாரிடையே அயலான். சிதம்பரம் சென்றவனோ தமிழரிடையே அயலான். தமிழ்நாட்டார் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டு மலையாளமோ என ஐயுறுதல் பலரும் அறிந்தது. தமிழே பேசித் தமிழர்க்கு விளங்காது நிற்றல் மாணவனுக்கு வருத்தமாயினும் மொழியியல் மாணவனுக்கு வாய்ப்பாகும். எங்கே விளங்கவில்லையோ அங்கே ஒரு வேறுபாடு உளது. எங்கே வேறுபாடு உளதோ அங்கே ஓர் ஆராய்ச்சி உளது. 1973-இல் இலங்கைத் தமிழ், இந்தியத் தமிழ் ஆகிய இரண்டின் ஒலியமைப்பையும் அவர் ஒப்புநோக்கி எழுதிய கட்டுரை இந்நிலையின் பயனெனலாம்.

அவ்வேறுபாடுகளுட் சிலவற்றை நோக்குக. தமிழ்நாட்டுப் பேச்சிற் 'காற்று' என்பது 'காத்து' ஆயிற்று. யாழ்ப்பாணத்திலோ றகர இரட்டை, தகரத்தோடும் டகரத்தோடும் சேராது நுனிநாவில் தனித்தொலிக்கின்றது. இதனாலேயே, ஆங்கிலச் சொல்லில் வரும் நுனிநா ஒலியை யாழ்ப்பாணத்தார் செவி டகரமாகக் கொள்வதில்லை. தமிழ்நாட்டில் 'டீச்சர்' என்பார் ஈண்டு 'ரீச்சர்' எனப்படுவர். இவ்வெழுத்து வழக்கை அறியாமை எனப் பழிப்போர், அதன்பின் ஓர் ஒலிமுறைமை நிற்றலை உணராதார். இனி, பிறர் கையிலுள்ள நூலைச் சுட்டி 'உந்தப் புத்தகம்' என்னும் சிறுவன், தொல்காப்பியம் கூறும் உகரச்சுட்டை அந்நூலின் பெயரும் அறியாமலே ஆளுகின்றான். மேலும் 'நான் வாறன்', 'அவன் வாறான்' என்பவற்றில் குறிலும் நெடிலுமே தன்மையையும் படர்க்கையையும் பிரிக்கின்றன. எழுத்தறியாதவரும் இதில் தவறுவதிலர். தவறாத ஒன்றை வழு என்பது எங்ஙனம் பொருந்தும்?

ஆயின் இவ்விடத்து ஓர் இடறு குழியும் உண்டு. 'உவன்' நின்றதுகொண்டு யாழ்ப்பாணத் தமிழே பழந்தமிழ் என முரசறைவார் உளர். அன்விகுதியைத் தன்மை ஒருமைக்கு நன்னூல் உடன்படுதலால் 'வாறன்' அந்நூல் வழிவந்தது எனவும் துணிவர். ஏன்விகுதி குறுகித் திரிந்தும் அவ்வடிவம் தோன்றியிருக்கலாமன்றோ? ஒருசில பழமைகள் நின்றமை உண்மை. புதுமைகள் பல புகுந்தமையும் அத்துணை உண்மை. பெருமை கூறுதற்கும் சான்று கூறுதற்கும் இடையேயுள்ள எல்லையைக் காட்டுவதே மொழியியற் பயிற்சி. அப்பயிற்சி பெற்றாரும் எஞ்ஞான்றும் அவ்வெல்லையுள் நின்றிலர். ஒக்ஸ்போர்டில் தமிழ் வினையமைப்பை ஆராய்ந்த ஆ. சதாசிவம், பின்னர் 1965-இல் சுமேரிய மொழி திராவிடமே என நாட்ட முயன்றார். அதனை மொழிநூலுலகம் ஏற்றிலது. தொன்மை வேட்கை கற்றாரையும் ஈர்க்கும் வலியுடைத்து.

ஒலியினும் உருபினும் மேலாக இவ்வாராய்ச்சி தொட்ட பொருள் ஒன்று உளது. 'வா', 'வாரும்', 'வாங்கோ' என்னும் ஏவல்கள் இலக்கணத்தில் மூன்று வடிவங்கள். ஊரிலோ அவை மூன்று படிகள். வயது முதிர்ந்த ஒருவரைச் சிறுவன் ஒருவன் 'வா' என அழைத்த காலம் யாழ்ப்பாணத்துக்கு உண்டு. அஃது அம்முதியவரின் பிறப்பு நோக்கியது என்பதை மறைத்தலாகாது. யாழ்ப்பாணத் தமிழிற் சமுதாய வேறுபாடுகள் புலப்படுமாற்றை 1970-இலும், சாதியும் மொழியும் தொடர்புறுமாற்றை 1978-இலும் சுசீந்திரராசா எழுதினார். பண்டை இலக்கணம் உயர்வையும் இழிவையும் சொல்லின்மேல் ஏற்றிக் கூறிற்று. இவரோ சொல்லுவோர்மேலும் கேட்போர்மேலும் வைத்து நோக்கினார். விலகி நின்று கற்ற கல்வி விளைத்த துணிவு இது. ஊரவர் பேசக் கூசியதை ஊரவர் ஒருவரே பதிந்து வைத்தார்.

இத்துணைச் சிறப்புக்கும் இடையில் ஒரு குறை உறுத்துகின்றது. மேற்சுட்டிய கட்டுரைகள் யாவும் ஆங்கிலத்தில் எழுந்தவை. கற்ற இடத்தின் மொழி அது. உலகறிஞர் அவையில் ஏறுதற்கும் அதுவே வேண்டும். ஆனால் எவருடைய பேச்சு ஆராயப்பட்டதோ அவர்க்கே அவ்வாராய்ச்சி எட்டாக் கனியாயிற்று. சுசீந்திரராசா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மொழியியற் பேராசிரியராய் விளங்கினார். யாழ்ப்பாணத் தமிழின் ஒலியமைப்பையும் உருபமைப்பையும் பற்றிய அவர் ஆங்கில நூல் வந்தது 1993-இல். 1967-இலிருந்து 26 ஆண்டுகள் கழிந்தன. அக்காலமெல்லாம் வகுப்பறையில் 'உந்த' என்ற சிறுவனின் சொல் சிவப்பு மையாற் கோடிடப்பட்டு வந்தது.

இக்குறையைத் தீர்க்க முயன்றோரும் உளர். கிழக்கிலங்கையிற் பிறந்து, அண்ணாமலையில் மொழியியல் ஆராய்ந்து, யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் கற்பித்த எம். ஏ. நுஃமான், 1999-இல் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' என்னும் நூலைத் தமிழிலேயே மாணவர்க்காக எழுதினார். இக்கால எழுத்துத் தமிழை அதன் இயல்பிலேயே வைத்து விளக்கும் அந்நூல், கடல் கடந்த கல்வி பள்ளிக்கூடம் புகும் வழியைக் காட்டிற்று. பேச்சுத் தமிழுக்கு அதனையொத்த எளிய நூல் ஒன்று பள்ளி மாணவர் கையிற் சேர்தலே எஞ்சிநிற்கும் கடன்.

எழுத்துத் தமிழைக் கைவிடுமாறு இஃது கூறுவதன்று. நாவலர் வகுத்த நெறி மாணவர்க்கு என்றும் இன்றியமையாதது. ஆனால் 'உந்தப் புத்தகம்' என எழுதிய மாணவனுக்கு, 'இது பிழை' என்று கூறி நிற்கும் ஆசிரியன் பாதியையே கற்பித்தவனாவான். 'இது வீட்டு வழக்கு, கட்டுரைக்கு ஏலாது, ஆயினும் இது தொல்காப்பியர் அறிந்த சுட்டு' என்று கூறுவோன் முழுமையும் கற்பித்தவனாவான். அம்மாணவன் நாணமின்றி வீடு திரும்புவான். கடல் கடந்து பெற்ற கல்வியின் பயன் அந்நாணம் நீங்குதலிலேயே நிறைவுறும்.