வசனவரிகள்

1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லைக்கோடு விழுந்தபோது நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றுவிட்டதாயினும், பாறசாலையைச் சூழ்ந்த கிராமங்களில் தமிழும் மலையாளமும் ஒரே நாவில் சகஜமாய்ப் புழங்குவதால், காணொளிக்கு இயந்திரம் தானே எழுதும் வசனவரிகள் இவ்விடத்துப் பேச்சின் முன் தடுமாறுவதில் ஆச்சரியமில்லை.

பேசுபவர் வாய் திறக்கும் க்ஷணத்தில் தோன்றி, வாசிப்பவர் கண் கடந்தபின்னரே மறையும்படி, இரண்டு வரிக்குள், எழுவாயையும் பயனிலையையும் அலங்கோலமாய்ப் பிரிக்காமல் வாக்கியத்தை மடிக்கும் சூட்சுமமும், பேச்சற்ற இடத்தில் ‘தூரத்தில் செண்டை முழங்குகிறது’ என்று காது கேளாதவருக்கும் குறித்துவைக்கும் கரிசனமும் மனிதக் கரத்துக்கே உரியவை. இதை வெறும் தட்டச்சு என்பவர் ரசனையற்றவர்.

மின்னணு ஊடகங்களில் வசனவரி வசதி கிட்டச் செய்வது அரசின் கடமை என்கிறது 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு.