நச்சுமரமும் நற்செய்தியும்

மத்ரஸாவில் ஓத வரும் பிள்ளைக்கு முதலில் நாவைத்தான் பழக்குகிறோம். அடிநாவிலிருந்து எழவேண்டிய ‘காஃப்’ என்னும் எழுத்தைச் சற்றே முன்னுக்குக் கொண்டுவந்து ஒலித்துவிட்டால், இதயம் என்று பொருள்படும் அரபுச் சொல் நாய் என்று பொருள்பட்டுவிடும். தமிழில் இரண்டையும் ‘கல்பு’ என்றே எழுதுகிறோம். ஆகவே ஏட்டைப் பார்த்து இவ்வேறுபாட்டை அறிதல் இயலாது. உஸ்தாதின் முன் அமர்ந்து, அவர் வாயசைவைப் பார்த்து, செவியால் கேட்டு, பன்முறை திருத்தப்பட்ட பின்னரே அது நாவில் படியும். இப்பாடத்தை நெடுங்காலமாக நடத்திவரும் நமக்கு, அமெரிக்க எழுத்தாளர் பார்பரா கிங்சால்வர் 1998இல் வெளியிட்ட ‘தி பாய்சன்வுட் பைபிள்’ என்னும் ஆங்கில நாவல், நம் வகுப்பறையிலேயே நிகழ்ந்த கதைபோல் தோன்றியது.

ஜார்ஜியா மாநிலத்தின் பெத்லகேம் என்னும் ஊரைச் சேர்ந்த பாப்டிஸ்ட் போதகர் நேதன் பிரைஸ், மனைவியையும் நான்கு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு 1959இல் பெல்ஜியன் காங்கோவிலுள்ள கிலங்கா என்ற சிற்றூருக்குச் செல்கிறார். ஓராண்டு ஊழியம் செய்து திரும்புவது என்பதே ஏற்பாடு. அங்கே அவர் தம் பிரசங்கங்களில் இயேசு ‘பாங்காலா’ என்று முழங்குகிறார். அவ்வூர் மொழியில் அச்சொல்லுக்கு அருமையானவர், விலைமதிப்பற்றவர் என்று பொருள். ஆனால் அவர் ஒலிக்கும் விதத்தில் அது ஒரு நச்சுமரத்தின் பெயராகிவிடுகிறது. தொட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும் மரம் அது. தம் ஆண்டவரைப் போற்றுவதாக எண்ணிக்கொண்டு, அவரைத் தீண்டத்தகாத மரம் என்று அந்த மனிதர் மன்றத்தில் அறிவித்துக்கொண்டே இருக்கிறார். நாவலின் பெயர்க்காரணம் இதுவே. அதன் உயிர்நாடியும் இதுவே.

இந்த ஒரு பிழையை ஆசிரியர் பல வடிவங்களில் விரித்துக்காட்டும் திறம் பாராட்டுக்குரியது. ஊரிலிருந்து கொண்டுவந்த விதைகளைப் போதகர் தம் ஊர் வழக்கப்படி சமதரையில் விதைக்கிறார். வீட்டு வேலைக்கு உதவும் மாமா தட்டாபா என்னும் பெண்மணி, மண்ணை மேடுமேடாகக் கூட்டி நடவேண்டும் என்கிறாள், அவர் செவிசாய்க்கவில்லை. பெருமழை வந்து விதைப்பை வாரிச் செல்கிறது. பின்னர் மேடு கட்டுகிறார். கொடியும் இலையுமாகத் தோட்டம் செழிக்கிறது; ஆனால் காய் ஒன்றும் பிடிக்கவில்லை. அப்பூக்களுக்கு மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் அம்மண்ணில் இல்லை. விதை நல்லது, உழைப்பு மெய், எண்ணமும் குறையுடையதன்று. எனினும் விளைச்சல் இல்லை. இவ்வொரு காட்சியில் ஒரு நூலின் கருத்து முழுவதும் அடங்கிவிடுகிறது.

ஞானஸ்நானம் பற்றிய பகுதியும் இத்தகையதே. பிள்ளைகளை ஆற்றில் மூழ்க வைக்கவேண்டும் என்று போதகர் வற்புறுத்துகிறார். ஊரார் அஞ்சி ஒதுங்குகின்றனர். அவர்களுடைய நெஞ்சக் கடினமே காரணம் என்று அவர் கருதுகிறார். அவ்வாற்றில் சிறுமி ஒருத்தியை முதலை கொன்றுவிட்டது என்பதும், பிள்ளைகளை முதலைக்கு இரையாக்கவே அவர் அழைப்பதாக ஊரார் எண்ணுகின்றனர் என்பதும் அவருக்குப் பின்னரே தெரியவருகின்றன. வந்தவுடன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வி அவர் வாயில் வரவில்லை.

இறுதியில் ஊர்த்தலைவர் தாத்தா ந்து, போதகரின் நாட்டார் போற்றும் வாக்கெடுப்பையே ஆயுதமாக ஏந்தி, இயேசு இவ்வூரின் தெய்வமாகலாமா என்பதை ஆலயத்துக்குள்ளேயே வாக்குக்கு விடுகிறார். ஆதரவு 11, எதிர்ப்பு 56. நகைப்புக்குரிய காட்சியாயினும் அதன் உட்பொருள் ஆழமானது. ஐம்பத்தொரு பேர் விரும்பியதை நாற்பத்தொன்பது பேர் மீது சுமத்துவது அவ்வூரார்க்கு நீதியாகத் தோன்றுவதில்லை; எல்லாரும் ஒருமனப்படும்வரை பேசித் தீர்ப்பதே அவர்தம் மரபு. விருந்தினரின் மொழியை ஊரார் கற்றுக்கொண்டனர்; ஊராரின் மொழியை விருந்தினர் கற்கவில்லை.

போதகர் ஏன் கற்கவில்லை? இதற்கு ஆசிரியர் தரும் விடை நுட்பமானது. இரண்டாம் உலகப்போரில் பிலிப்பைன்சில் தம் படைத்தோழர் அனைவரும் மடிய, தாம் மட்டும் தப்பிவந்த குற்றவுணர்வு அவரை அரிக்கிறது. அக்கடனைத் தீர்க்கவே ஆன்மாக்களைத் தேடி அலைகிறார். காங்கோ மக்களின் தேவை அவரை அங்கே அழைத்துச் செல்லவில்லை. அவருடைய தேவையே அழைத்துச் சென்றது. தன் பசிக்காகப் பிறருக்கு விருந்து வைப்பவன், அவர்கள் உண்டார்களா என்று பார்ப்பதில்லை.

நூலின் குறையையும் கூறியாக வேண்டும். கதையைச் சொல்வோர் போதகரின் மனைவியும் மகளிர் நால்வருமே. ஊரார் ஒருவரும் தம் வாயால் கதை சொல்வதில்லை. உள்ளிருந்து அறியாத ஒன்றை அறிந்ததாக நடிக்காத நேர்மை இது என்று வாதிடலாம். ஆசிரியரும் சிறுமியாயிருந்தபோது 1960களில் சிறிதுகாலமே காங்கோவில் வாழ்ந்தவர். ஆயினும் இதன் விளைவாகக் கிலங்கா மக்கள் எப்போதும் பொறுமையும் விவேகமும் மிக்கவர்களாகவே காட்சியளிக்கின்றனர். ஆசிரியர் அனடோலிடம் ஒரு சிறுமைகூட இல்லை. முன்பு மூடரென்று இகழப்பட்டோரை இப்போது ஞானியரென்று போற்றுவதும் அவர்களைத் தூரத்தில் நிறுத்துவதேயாகும். கடைக்குட்டி ரூத் மே பாம்பு தீண்டி இறந்தபின், நாவலின் பிற்பகுதி பல இடங்களில் அரசியல் விரிவுரையாகவும் தளர்ந்துவிடுகிறது.

இக்குறையை நிரப்ப விரும்புவோர், கேமரூன் நாட்டு எழுத்தாளர் மோங்கோ பெட்டி 1956இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய ‘பொம்பாவின் ஏழைக் கிறிஸ்து’ என்ற நாவலையும் உடன்வைத்துப் படிக்கவேண்டும். துருமோன் என்னும் பாதிரியார், தாம் சில ஆண்டுகள் புறக்கணித்திருந்த தாலா நாட்டில் ஒரு குறுகிய சுற்றுப்பயணம் செல்கிறார். அதை நாட்குறிப்பாக எழுதுபவன் அவருக்குப் பணிவிடை செய்யும் ஆப்பிரிக்கச் சிறுவன் தெனி. மக்கள் முன்பு தம்மிடம் ஓடிவந்தது ஏன், இப்போது விலகுவது ஏன் என்று பாதிரியார் வியக்கிறார். சமையற்காரன் சக்கரியா தயங்காமல் விடை சொல்கிறான். வெள்ளையரின் வலிமைக்குரிய இரகசியத்தைக் கற்கவே அவர்கள் வந்தனராம். கடவுளைப் பற்றி அவர்களுக்கு முன்பே தெரியுமாம். இருபது ஆண்டுகள் வாழ்ந்தும் பாதிரியார் கேட்டறியாததை ஒரு சமையற்காரன் அடுப்படியில் நின்று அறிந்து வைத்திருந்தான். காலம் குறுகியது என்பது மட்டுமே குறையன்று. கேளாத செவிக்கு இருபது ஆண்டுகளும் ஒரு நாளேயாம் என்பதை இந்நூல் சேர்த்துச் சொல்கிறது.

இவை கடந்தகாலக் கதைகள் என்று ஒதுக்குவதற்கில்லை. போதகருக்கு ஓராண்டு கிடைத்தது. இன்று அமெரிக்கத் திருச்சபைகளிலிருந்து கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் மலாவிக்கும் புறப்படும் ஊழியக் குழுக்கள் பலவற்றுக்கு ஒன்றிரண்டு வாரங்களே கிடைக்கின்றன. சுவருக்கு வண்ணம் பூசுகின்றனர்; அநாதை இல்லங்களில் குழந்தைகளைத் தூக்கி விளையாடுகின்றனர்; கண்ணீருடன் விடைபெறுகின்றனர். அக்கண்ணீர் பொய்யன்று. ஆனால் லிண்டா ரிக்டர், எமி நார்மன் என்ற ஆய்வாளர் இருவர் 2010இல் தென்னாப்பிரிக்க வட்டாரத்தை முன்வைத்து எழுதியதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். வந்து வந்து ஒட்டிப் பிரியும் அன்பு, முன்பே பிரிவுற்ற குழந்தையை மீண்டும் மீண்டும் பிரிவுக்கு ஆளாக்குகிறது என்பது அவர்கள் கண்ட கருத்து. உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் வாழும் குழந்தைகளில் ஐவரில் நால்வருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதாகக் குழந்தைகள் நல அமைப்பொன்று 2009இல் கூறியது. இல்லத்துக்குத் தரும் பொருள் அந்தத் தாயின் கையைச் சேர்ந்திருந்தால் குழந்தை அவள் மடியிலேயே வளர்ந்திருக்கலாமே என்ற கேள்வியை எழுப்ப இரண்டு வாரம் போதுவதில்லை.

குறுகிய வருகை யாவும் வீண் என்று தீர்ப்புக் கூறுவதும் நீதியாகாது. 1978இல் தொடங்கப்பட்ட ‘மெர்சி ஷிப்ஸ்’ என்னும் கிறிஸ்தவ அமைப்பின் மருத்துவக் கப்பல்கள் ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் மாதக்கணக்கில் தங்குகின்றன. அறுவை மருத்துவர் சிலர் இரண்டே வாரம் பணியாற்றித் திரும்பினும், கப்பல் நிற்கிறது. நோயாளியைத் தொடர்ந்து கவனிப்போர் இருக்கின்றனர். உள்நாட்டு மருத்துவர்க்கும் பயிற்சி தரப்படுகிறது. வருபவர் மாறலாம், பொறுப்பு மாறாமல் இருக்கவேண்டும்.

இக்கண்டனத்தை உரக்கச் சொன்னவர்களும் கிறிஸ்தவர்களே. கத்தோலிக்கப் பாதிரியாரான இவான் இல்லிச், 1968இல் மெக்சிகோவில் அமெரிக்க மாணவத் தொண்டர்களின் முகத்துக்கு நேரே, பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்னும் பொருள்பட உரைத்தார். தம் வீட்டுக் குறையைத் தாமே மன்றத்தில் வைத்த அத்துணிவை நாம் மதிக்கிறோம்.

ஆகவே இந்நாவலைப் படித்துவிட்டு, பிற சமயத்தார் தடுமாறினர் என்று நம்மவர் எவரேனும் மகிழ்வாராயின், அவர் நூலைப் படித்தவராகார். ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் நம் சமுதாயத்தின் கொடையாலும் கிணறுகளும் கைப்பம்புகளும் அமைகின்றன. கொடையாளியின் பெயர்ப்பலகை பொறிக்கப்படுகிறது, புகைப்படம் வந்து சேர்கிறது, நாமும் நெகிழ்கிறோம். ஆனால் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள கைப்பம்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இயங்காமல் கிடப்பதாக 2009இல் கிராமக் குடிநீர்த் துறையினர் மதிப்பிட்டனர். அவற்றுள் நம் பெயர் தாங்கியவை எத்தனை? பழுதுபார்க்க அவ்வூரில் யாரைப் பழக்கினோம்? மாற்று உறுப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டோமா? வறண்ட பம்பின்மீது பளிச்சிடும் பெயர்ப்பலகையும் ஓர் உச்சரிப்புப் பிழைதான்.

வகுப்பில் ஒரு பிள்ளை ‘காஃப்’ எழுத்தைத் தவறாக ஒலித்தால் நாம் சினம் கொள்வதில்லை. அருகே அழைத்து, “என் வாயைப் பார்” என்கிறோம். பிறருக்கு உதவப் புறப்படுவோர் அனைவரும், எம்மார்க்கத்தினராயினும், சென்று சேர்ந்த ஊரில் முதலில் அந்தப் பிள்ளையின் இடத்தில் அமர்வாராக.