வேட்டைக்காரரின் கண்வழியே: யூ-505 காட்சிக்கூடம் பற்றிய ஒரு நோக்கு

போர்க்கருவியொன்று நூதனசாலைக்குள் வைக்கப்படும்போது, அது யாருடைய வரலாற்றைக் கூறுகின்றது என்ற வினா எழுதல் இயல்பு. சிக்காகோ நகரின் விஞ்ஞான, கைத்தொழில் நூதனசாலையிலுள்ள யூ-505 என்னும் ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலை நோக்குமிடத்து இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது.

1944 ஜூன் 4ஆம் திகதி, மேற்கு ஆபிரிக்கக் கரைக்கப்பாலுள்ள கடலில், கப்டன் டானியல் கலரியின் தலைமையிலான அமெரிக்கக் கப்பலணி இதனைக் கைப்பற்றியது. ஆழ்நீர்க் குண்டுகளால் தாக்குண்டு மேலெழுந்த கப்பலை அதன் மாலுமிகள் கைவிட்டனர். நீர் உட்புகுந்து மூழ்கிக்கொண்டிருந்த அதற்குள், லெப்டினன்ற் அல்பேர்ட் டேவிட்டும் அவரது குழுவினரும் இறங்கி, நீர்வழியை அடைத்து, இரகசியக் குறியீட்டு ஏடுகளை மீட்டனர். எந்நேரமும் வெடிக்கக்கூடிய இருண்ட கலமொன்றுள் இறங்கிய அத்துணிவை எவரும் மறுக்கமாட்டார்.

காட்சிக்கூடத்தின் அமைப்பு முழுவதும் இத்துணிவையே மையமாகக் கொண்டது. பார்வையாளர் அட்லாண்டிக் சமரின் பின்னணி, வேட்டை, கைப்பற்றல் என்னும் படிகளைக் கடந்து செல்கின்றனர். பின்னர், 2005இல் திறக்கப்பட்ட நிலக்கீழ் மண்டபத்தில், ஏறத்தாழ 77 மீற்றர் நீளமான கப்பல் அவர்கள்முன் முழுமையாகத் தோன்றுகின்றது. நாடக அரங்கினர் நன்கறிந்த உத்தி இது. திரை விலகும் அக்கணத்தில் வியப்பு ஒன்றே மேலோங்கும். சிந்திப்பதற்கு அங்கு இடமில்லை. இக்கப்பல் மூழ்கடித்த எட்டுக் கலங்கள் அவ்வியப்பின் நிழலில் ஒதுங்கிவிடுகின்றன. அவற்றுள் ஒன்று கொலம்பியாவைச் சேர்ந்த சிறு பாய்க்கப்பல் என்பது மனங்கொள்ளத்தக்கது. வேட்டையாடப்பட்டது விலங்கெனின், அவ்விலங்கினால் மாண்டோர் பற்றியும் வேட்டைக்கதை பேசவேண்டுமல்லவா? 1954இல் இங்கு நிறுவப்பட்டபோது, அட்லாண்டிக் சமர்களில் உயிர்நீத்தோரின் நினைவுச்சின்னமாகவே இது அர்ப்பணிக்கப்பட்டது. அந்நோக்கினைக் காட்சியின் ஒழுங்கு பெரிதும் பின்தள்ளியுள்ளது என்பதே எமது முதன்மையான குறைபாடு.

இன்னொன்றும் உண்டு. கைப்பற்றிய ஏடுகளின் பயன், கைப்பற்றிய செய்தியை மறைப்பதிலேயே தங்கியிருந்தது. எனவே, உயிர்தப்பிய 58 மாலுமிகளும் லூசியானா மாநிலத்தின் ரஸ்ரன் முகாமில் ஏனைய கைதிகளினின்றும் பிரித்து வைக்கப்பட்டனர். செஞ்சிலுவைச் சங்கத்திற்கும் அவர்கள் பற்றி அறிவிக்கப்படவில்லை. அவர்தம் குடும்பங்கள் அவர்களை இறந்தோராகவே எண்ணித் துயருற்றன. அன்று உலகின் கண்ணினின்றும் மறைக்கப்பட்ட கப்பல் இன்று கட்டணத்துக்குக் காட்டப்படுகின்றது. இம்முரணைக் காட்சியின் நடுவில் நிறுத்தியிருப்பின், போரின் இயல்பு பற்றி அது கூறுவது இன்னும் ஆழமாயிருந்திருக்கும்.

எனினும், கலத்தினுள் நுழைந்ததும் மண்டபத்தின் வெற்றிக்குரல் தாழ்கின்றது. மாலுமிகளிலும் படுக்கைகள் குறைவு. தொர்ப்பீடோக்களினருகே உறக்கம். நிமிர்ந்து நடக்கவும் இடமற்ற வாயில்கள். 1943 ஒக்டோபரில், குண்டுத் தாக்குதலின் நடுவே, இதன் தளபதி பீற்றர் செக் தன்னைத்தானே சுட்டு மாண்டதும் இக்கலத்தினுள்ளேதான். துணை அதிகாரியே கப்பலைத் துறைமுகம் சேர்த்தார். வீரம், தோல்வி என்ற இரு சொற்களுள்ளும் அடங்காத இம்மரணம் பற்றி அவ்விடத்தில் நின்று எண்ணுவோருக்கு, ‘எதிரி’ என்ற சொல்லின் பொருளே சற்று மாறிவிடுகின்றது. காட்சிக்கூடத்தின் மிகச் சிறந்த பகுதி, அதனை அமைத்தோர் மிகக் குறைவாகக் கைவைத்த இப்பகுதியே எனலாம்.

ஜேர்மனியின் லாபோ கரையில் 1972 முதல் காட்சிக்குள்ள யூ-995 ஒப்புநோக்கத்தக்கது. அங்கு கப்பல் மணற்பரப்பில், உயர்ந்த கடற்படை நினைவுக்கோபுரத்தின் கீழ், திறந்த வானத்தில் கிடக்கின்றது. அக்கோபுரம் எல்லா நாடுகளினதும் கடலில் மாண்ட மாலுமிகளுக்கு உரித்தாக்கப்பட்டுள்ளது. கப்பலைப் பார்ப்பவர் கோபுரத்தையும் பார்த்தே ஆகவேண்டும்.