பாதத்தின் கோணமும் முழங்காலின் பாரமும்

சிதம்பரம் நடராசர் கோயிலில், சிவகங்கைக் குளத்தில் கால் நனைத்துவிட்டுக் கருங்கல் தரையில் நடப்பவர்களின் ஈரச் சுவடுகளைக் கவனித்தால், ஒருவர் பாதம் நேராக விழும். இன்னொருவருக்கு விரல்கள் வெளிப்பக்கம் விரியும். சிலருக்கு உள்ளே திரும்பும். இந்தக் கோணத்தைக் கொண்டே மூட்டு வலியைத் தணிக்கலாம் என்கிறது அண்மை மருத்துவம்.

நடக்கையில் முழங்காலின் உட்புறம்தான் அதிகப் பாரம் தாங்குகிறது. மூட்டு பெரும்பாலும் தேய்வதும் அங்கேதான். பாதத்தைச் சற்றே திருப்பினால் தரையின் எதிர்விசை முழங்காலைக் கடக்கும் விதம் மாறி, அந்தப் பாரம் குறையலாம்.

2025-இல் 'லான்செட் ருமட்டாலஜி' இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு இதை 68 பேரிடம் சோதித்தது. பாதிப் பேர் பாதத்தை 5 அல்லது 10 பாகை உள்ளேயோ வெளியேயோ திருப்பி நடக்கப் பழகினார்கள். 24 செ.மீ. நீளப் பாதத்தில் 5 பாகை என்பது விரல் நுனி 2 செ.மீ. நகர்வதுதான். ஓராண்டு முடிவில், 10 புள்ளிக் கணக்கில் அவர்களின் வலி 2.5 புள்ளி குறைந்தது. இயல்பு நடையிலேயே இருந்தவர்களுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். குருத்தெலும்பு சிதைவதும் மெதுவானதை எம்.ஆர்.ஐ. காட்டியது. வலி மாத்திரையால் வயிறும் சிறுநீரகமும் கெடுமோ என்று அஞ்சும் முதியவர்களுக்கு இது பெரிய வரவு.

ஆனால் யார் எந்தப் பக்கம் திருப்புவது என்பதை கேமராக்களும் விசைமானியும் பொருத்திய ஆய்வகம்தான் ஆளுக்கு ஆள் அளந்து சொன்னது. காலில் கட்டிய அதிர்வுக் கருவி தவறிய அடிகளைத் திருத்தியது. முற்றிய தேய்மானம் உள்ளவர்கள் சேர்க்கப்படவே இல்லை. ஒருவருக்குப் பாரத்தைக் குறைக்கும் கோணம் இன்னொருவருக்கு அதைக் கூட்டிவிடும் என்பதால், செல்பேசிக் காணொளியைப் பார்த்து விரலைத் திருப்பி நடப்பது ஆபத்து. கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் காலையில் நடப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: சமதளத்தில் பழகிய கோணம், கால் புதையும் மணலில் நிலைப்பது கடினம்.

2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை அமைத்தது. தூரம் அளந்தாயிற்று, பாதத்தை யார் அளப்பது? அண்ணாமலைநகரில், இன்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக உள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பொறியியல் புலமும் அருகருகேதான் இருக்கின்றன. இரண்டும் கைகோத்து, மலிவான நடை அளவீட்டு மையம் ஒன்றை கடலூர் மாவட்டத்துக்குத் தர வேண்டும். அதுவரை மூட்டு வலிக்காரர்கள் நடையை நிறுத்த வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லாமல் பாதத்தைத் திருப்பவும் வேண்டாம்.