இரண்டாம் சுற்றின் அட்டை

குத்துச்சண்டை பழக வரும் பிள்ளைகளுக்கு முதலில் எதைக் காட்டலாம் என்று கேட்டால், உலகப் பட்டப் போட்டி எதையும் சொல்லமாட்டேன். அல்ஃபிரட் ஹிட்ச்கொக் 1927இல் எழுதி இயக்கிய ‘த ரிங்’ என்ற மௌனப் படத்தைத்தான் சொல்வேன்.

படத்தில் ஒரு திருவிழாக் கூடாரம். அங்கே குத்துச்சண்டை போடும் நாயகன் ஜாக்கை எதிர்த்து மேடையேறிய எவரும் ஒரு சுற்றுக்கு மேல் தாங்கியதில்லை. அன்று பொப் கோர்பி என்ற ஒருவர் ஏறுகிறார். முதல் சுற்று முடிந்தும் அவர் விழவில்லை. சுற்று எண்ணை மாற்றுகிறார்கள். ‘1’ அட்டை கைபட்டுக் கைபட்டு நைந்து கிடக்கிறது. ‘2’ அட்டையோ புத்தம் புதிது. ஒரு வார்த்தையும் பேசாமல் ஜாக்கின் பலமும் பலவீனமும் கண்முன் வந்துவிடுகின்றன. ஜாக் தோற்கிறார். வென்றவர் அவுஸ்திரேலிய சம்பியன் என்பது பிறகுதான் தெரிகிறது.

சீக்கிரம் வென்று பழகியவரின் ஆபத்து இதுவே. மூச்சு வாங்கத் தொடங்கியதும் முகத்தைக் காக்கும் கைகள் தாழும். குத்து காலிலிருந்து எழாமல் தோளிலிருந்து மட்டும் வரும். எதிராளி அதை முன்கூட்டியே படித்துவிடுவார். இன்றைய அமெச்சூர் போட்டி மூன்று நிமிடங்கள் கொண்ட மூன்று சுற்றுகள். இடையில் ஒரு நிமிட ஓய்வு. அந்த ஒரு நிமிடத்தில் மூச்சை மீட்டு, பயிற்சியாளர் சொல்லும் ஒரேயொரு திருத்தத்தை மனதில் வாங்குபவரே அடுத்த சுற்றை ஆளுவார்.

லண்டன் அல்பேர்ட் மண்டபத்தில் நடக்கும் இறுதிச் சண்டையும் இதையே சொல்கிறது. கோர்பியின் பக்கம் சாய்ந்திருந்த ஜாக்கின் மனைவி, அடிபட்டுத் தளர்ந்த கணவரின் மூலைக்குத் திரும்பி வருகிறாள். அவர் எழுந்து வெல்கிறார். பலர் இதைக் காதல் கதையின் முடிவாகப் பார்ப்பார்கள். எனக்கு அது மூலையின் வெற்றி. ஜாக்காக நடித்த டென்மார்க்கின் கார்ள் பிரிசன் உண்மையிலேயே குத்துச்சண்டை வீரராக இருந்தவர். அவருடைய கால்களைக் கவனித்துப் பாருங்கள்.

இந்தப் பாடம் எங்கள் ஊருக்கும் பொருந்தும். திருகோணமலைத் துறைமுகம் 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளம்; இன்று இலங்கைக் கடற்படையினுடையது. மேடையும் கையுறையும் படைவீரருக்கு எட்டும். வேலிக்கு வெளியே, கரைவலை இழுத்து உரமேறிய பிள்ளைகளுக்கும் அவை எட்டவேண்டும். முதல் இழுப்பில் வலை கரைசேராது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களிடம் இரண்டாம் சுற்று ஏற்கெனவே இருக்கிறது.

1938இல் சிட்னியில் நடந்த பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்றிக்கஸ் இலங்கைக்குத் தங்கம் வென்றது குத்துச்சண்டையில்தான். இந்தத் தீவுக்கு இது அந்நிய விளையாட்டு அல்ல. திருகோணமலைப் பிள்ளைகளுக்கு ஒரு மேடையும், மூலையில் நின்று வழிகாட்ட ஒரு நல்ல பயிற்சியாளரும் கிடைக்கட்டும். நம் ஊரில் ‘2’ அட்டையும் கைபட்டு நையட்டும்.