அடுப்படிக் கதவுகளும் ஒரு பெயிண்ட் தெளிப்பானும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. மழை ஓய்ந்ததென்று மூச்சு விட்ட நேரத்தில், சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து சேர்ந்தது. பாகூர் கொம்யூனில் சோரியாங்குப்பம், குருவிநத்தம் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. அக்கா வீட்டு அடுப்படியில் முழங்கால் அளவுக்கு நின்றது. நீர் வடிந்தபின் சமையல்மேடைக்குக் கீழிருந்த எட்டுக் கதவுகளிலும் சேற்றுக் கோடு. ஓராண்டுக்கு மேல் அதைப் பார்த்துக்கொண்டேதான் அக்கா சமைத்தாள்.

பொங்கலுக்கு முன்பே பெயிண்ட் அடித்திருக்க வேண்டும். மார்கழிப் பனியில் மரம் காயவில்லை. தை பிறந்த பிறகுதான் கை வைத்தோம். இதற்கென்றே கையில் பிடித்து அடிக்கும் மின் தெளிப்பான் ஒன்று வாங்கினேன். 600 வாட், 800 மில்லி குவளை, மூன்று அளவில் நாசில், விலை 3,000 ரூபாய்க்குச் சற்று மேல். கார் பட்டறையில் இருப்பதுபோல் கம்பிரசர் கிடையாது. உள்ளே ஒரு விசிறி, குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றைத் தள்ளும். அந்தக் காற்று பெயிண்டைப் பொடிப்பொடியாக உடைத்துக் கதவில் படிய வைக்கும். சத்தம் மிக்ஸி அளவுக்கு.

ஆனால் இயந்திரத்தைத் தொடுவதற்குள் மூன்று நாள் போய்விட்டது. அந்த மூன்று நாளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். இருபது வருடத் தாளிப்புப் பிசுக்கின் மேல் எந்தப் பெயிண்டும் ஒட்டாது. கதவுகளைக் கீலோடு கழற்றி, வெந்நீரில் சலவைச் சோடா கரைத்துத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவினோம். கழற்றும்போதே கதவுக்கும் சட்டத்துக்கும் ஒரே எண்ணை எழுதி வையுங்கள். பழைய வீட்டில் ஒரு கதவு இன்னொன்றின் இடத்தில் பொருந்தாது.

அடுத்தது பழைய பச்சை எனாமல். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் முதல்தான் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் அடித்த பூச்சில் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த எமரியால் தேய்த்துப் பொடி பறக்க விடாதீர்கள். தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்து, வரும் குழம்பைத் துணியில் வழித்து எடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. ஆறு கதவுகள் கெட்டி மரம், தப்பித்தன. இரண்டு பிளைவுட் கதவுகள் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தன. பட்டி பார்த்தாலும் நிற்காது என்றார் ஆசாரி. புதிதாகத்தான் போட்டோம்.

பிறகு பிரைமர், அதன் மேல் தண்ணீரில் கலக்கும் எனாமல். கலக்கும் பக்குவம்தான் இந்த இயந்திரத்தின் உயிர். கூடவே ஓட்டையுள்ள சின்னக் கிண்ணம் ஒன்று தருகிறார்கள். அதில் பெயிண்டை நிரப்பி, எத்தனை நொடியில் ஒழுகித் தீர்கிறது என்று எண்ணி, கையேட்டில் சொன்ன நொடிக்கு வரும்வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். கண் அளவில் கலந்த முதல் கதவு முழுக்கப் பொரிப்பொரியாக வந்தது. எண்ணிக் கலந்த இரண்டாவது கதவு கண்ணாடி மாதிரி வந்தது. 1.8 மில்லிமீட்டர் நாசில், கதவுக்கும் கைக்கும் ஒரு சாண் தூரம், மணிக்கட்டை வளைக்காமல் கை முழுவதும் நேராக நகர வேண்டும். ஓரிடத்தில் நின்றால் வழிந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கதவின் உள்பக்கத்தைப் பிரஷ்ஷால் அடித்தேன். பெயிண்ட் குறைவாகத்தான் பிடித்தது, ஆனால் பிரஷ் கோடுகள் வெளிச்சத்தில் தெரிந்தன. சட்டம் வைத்து இழைத்த பழைய கதவின் பள்ளங்களிலும் மூலைகளிலும் தெளிப்பானை மிஞ்ச முடியாது. அங்கே பிரஷ் பெயிண்டைத் தேக்கிவிடுகிறது.

நாங்கள் எதிர்பார்க்காதது அறுவடை. பாகூர் நெல்லுக்குப் பேர்போன ஊர். பக்கத்து வயலில் அறுவடை இயந்திரம் இறங்கியதும் தோட்டத்தில் வைத்து அடித்த இரண்டு கதவுகளிலும் தூசும் சுணையும் அப்பிக்கொண்டன. மறுபடி தேய்த்து, மாட்டுக் கொட்டகையில் நான்கு பக்கமும் பழைய புடவை கட்டி உள்ளே வைத்து அடித்தோம். பனி இறங்குவதற்குள் பூச்சு காய வேண்டுமென்பதால் மூன்று மணிக்கு மேல் அடிக்கவில்லை.

சுவரோடு இருக்கும் சட்டங்களுக்குத் தெளிப்பானை அடுப்படிக்குள் கொண்டுபோகாதீர்கள். டர்பன்டைன் கலந்த எனாமல் என்றால் நிச்சயமாக வேண்டாம். அந்த ஆவிக்கு அடுப்பும் ஆபத்து, இயந்திரத்தின் மோட்டாரில் பறக்கும் பொறியும் ஆபத்து. சட்டத்துக்குப் பிரஷ்ஷே போதும். வெளியில் அடிக்கும்போதும் முகத்தில் துணி கட்டினால் போதாது, என்95 கவசம் வேண்டும்.

ஒரு அடுப்படிக்காக மட்டும் இதை வாங்குவது வீண்செலவு என்பது என் முடிவு. தெருவில் நான்கு வீடு சேர்ந்து வாங்கினால் நல்ல முதலீடு. இரவல் கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: வேலை முடிந்த கையோடு குவளையில் தண்ணீர் ஊற்றி அடித்து, நாசிலையும் ஊசியையும் கழற்றிக் கழுவ வேண்டும். எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று. ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வந்து கழுவலாம் என்று விட்டேன், நாசில் கல்லாகிவிட்டது.

கதவுகளை மாட்ட ஒரு வாரம் பொறுங்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே இறுகியிருக்காது. சாத்தும் ஓரங்களில் மெழுகுவர்த்தியை ஒரு முறை இழுத்துவிட்டால் சட்டத்தோடு ஒட்டிப் பூச்சு உரியாது.