ஒரு பென்னியும் ஓர் ஆத்தும விசாரணையும்

விசுவாசம் ஒரு கணத்தில் உதிக்கலாம். ஆனால் அது நடத்தையில் படிந்து, சோதனை வந்த காலத்தும் சலியாத சுபாவமாக நிலைப்பதற்குத் தினந்தோறும் செய்யும் அப்பியாசம் வேண்டும் என்பதைக் கிறிஸ்தவ சபை ஆதிமுதலே அறிந்து வந்திருக்கிறது. அந்த அப்பியாசத்தை அவரவர் தனியறைக்கும் மனச்சாட்சிக்கும் விட்டுவிடுவதா, சக விசுவாசிகளின் முன்னிலையில் கணக்கு ஒப்புவிக்கச் செய்வதா என்ற வினாவுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி கண்ட விடையே மெதடிஸ்தரின் வகுப்புமுறை. அதன் மேன்மையும் குறையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை ஆதலால், சீஷத்துவத்தில் கருத்துடையோர் அதை நிதானமாக ஆராய்தல் தகும்.

அம்முறை ஒரு கடனிலிருந்து பிறந்தது. 1742ஆம் ஆண்டு பிப்ரவரியில், பிரிஸ்டல் நகரத்து ஜெப மண்டபத்தின் கடனைத் தீர்க்கும் வழியை ஆலோசிக்கச் மெதடிஸ்த சங்கத்தார் கூடியபோது, ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று காப்டன் ஃபாய் என்பவர் சொன்னார். பலர் அதற்கும் வழியற்ற ஏழைகள் என்ற தடை எழவே, மிக ஏழைகளான பதினொருவரைத் தம்மிடம் ஒப்புவிக்கும்படியும், அவர்களில் கொடுக்க இயலாதவர் பங்கைத் தாமே செலுத்துவதாகவும் அவர் கூறினார். பிறரும் அவ்வாறே முன்வந்ததால் ஏற்பட்ட தண்டல்காரர் வீடுதோறும் சென்றபோது, காசோடு குடும்பத்துச் சண்டையும் குடிப்பழக்கமும் அவர்கள் பார்வைக்கு வந்தன. தாம் நெடுநாள் தேடிய மேய்ப்பு முறை இதுவே என்று வெஸ்லி கண்டுகொண்டார். பின்னர், சுமார் பன்னிருவர் கொண்ட வகுப்பு வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடுவதும், தலைவர் ஒவ்வொருவருடைய ஆத்தும நிலையையும் விசாரித்துப் புத்தி சொல்வதும் வழக்கமாயின.

1743இல் வெளிவந்த பொது விதிகள் மூன்றே: தீங்கு செய்யாதிருத்தல், நன்மை செய்தல், தேவன் நியமித்த கிருபையின் சாதனங்களைக் கைக்கொள்ளுதல். பொது ஆராதனையும் திருவிருந்தும் மட்டுமன்றி, குடும்ப ஜெபம், தனி ஜெபம், வேத ஆராய்ச்சி, உபவாசம் ஆகியவையும் மூன்றாவதில் அடங்கும். அன்றாடக் கடமைகளை ஒருவன் தனிமையில் நிறைவேற்ற, வாரக் கூட்டம் அவற்றைக் குறித்து அவனை வினவியது. தனிமை சோம்பலாகாமலும், கூட்டம் வெறும் சடங்காகாமலும் ஒன்றையொன்று காத்தன. சேர்வதற்கு வேண்டியது பாவத்தினின்று விடுதலை பெறும் விருப்பம் ஒன்றே. இதனால், சுரங்கத் தொழிலாளரும் வேலைக்காரரும் மேய்க்கப்பட்டதோடு தாமே மேய்ப்பராகவும் ஆயினர். பெண்களும் வகுப்புத் தலைமை ஏற்றனர். 1763இல் வேல்ஸ் தேசத்துப் பெம்புரோக் சீமையைக் கண்ட வெஸ்லி, இருபது ஆண்டுகளாகப் பிரசங்கம் நடந்தும் ஒழுங்கான சங்கங்கள் இல்லாத அவ்விடத்தில், விழிப்படைந்தவர்களுள் பெரும்பாலோர் மீண்டும் உறங்கிவிட்டதைக் குறித்து வருந்தினார். பிரசங்கத்தால் எழும் உணர்ச்சி தாங்குவாரின்றி நிலைக்காது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனினும், விசாரணை அதிகாரமாகும்போது அன்பு பின்வாங்குகிறது. மூன்று மாதத்துக்கொருமுறை அங்கத்தினரைச் சோதித்துச் சீட்டு வழங்கும் வழக்கம் ஏற்பட்டது. சீட்டு மறுக்கப்பட்டவர் சங்கத்துக்குப் புறம்பானார். 1743இல் நியூகாசில் சங்கத்திலிருந்து நீக்கப்பட்ட 64 பேரைப் பற்றி வெஸ்லி எழுதிய குறிப்பில், குடிவெறிக்காக 17 பேரும், மனைவியை அடித்ததற்காக ஒருவனும் காணப்படுகின்றனர். இக்குற்றங்களுக்குக் கண்கண்ட அடையாளம் உண்டு. ஆனால், ஏறக்குறையப் பாதிப்பேர், அதாவது 29 பேர், விளையாட்டுப் புத்திக்காகவும் அசட்டைக்காகவும் நீக்கப்பட்டனர். இக்குறைக்கு அளவுகோல் சோதிப்பவருடைய கண்ணே அன்றி வேறில்லை. குடிகாரனையும் கருத்தற்றவனையும் ஒரே வாசல் வழியே அனுப்பும் ஒழுங்கு, சுகப்படுத்த வேண்டியவர்களையே இழந்துவிடும்.

இதனினும் நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. உறவும் மதிப்பும் சீட்டைச் சார்ந்திருக்க, அதுவோ சோதிப்பவருடைய திருப்தியைச் சார்ந்திருக்குமானால், வறண்ட வாரத்திலும் செழித்த வாரத்தின் சொற்களைச் சொல்ல மனிதன் பழகிக்கொள்வான். அனுபவம் தீர்ந்த பின்னும் சாட்சியின் நடை மட்டும் எஞ்சும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுப்புகள் மெல்லத் தளர்ந்ததற்குக் காரணங்கள் பலவாயினும், உயிரற்ற ஒப்புவிப்பு அவற்றுள் ஒன்று என்றே கருதுகிறேன். இதற்குரிய மருந்து வெஸ்லியிடமே இருந்தது. 1738இல் சிறு குழுக்களுக்கு அவர் வகுத்த விதிகளின்படி, பிறரை வினவுபவர் முதலில் தம் நிலையைச் சொல்லவேண்டும். ஃபாய் காட்டிய வழியும் அதற்கு இசைந்ததே. தண்டுபவனே குறைவை நிரப்புபவனாகவும் இருந்தான். தலைவர் சுமை தாங்கும் வரையில் வகுப்பு ஆத்துமாக்களைக் கட்டி எழுப்பும். பாக்கியை மட்டும் எண்ணத் தொடங்கும்போது அது நீதிமன்றமாகிவிடும்.

1814இல் மெதடிஸ்த ஊழியர் இலங்கையில் இறங்கி யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கியது முதல், இம்மரபு தமிழ்க் கிறிஸ்தவர்க்கும் உரிய சொத்தாயிற்று. இன்று நம் வீட்டு ஜெபக்கூட்டங்களில் பாடலும் விண்ணப்பமும் நிறைந்திருக்க, சென்ற வாரம் எப்படி வாழ்ந்தோம் என்ற வினா மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. ஆவிக்குரிய அஸ்திவாரத்தை உறுதியாக இட விரும்பும் சபை அவ்வினாவை மீட்டுக்கொள்ளவேண்டும். ஆனால் சீட்டையும் நீக்கத்தையும் அதனோடு பிணைத்தலாகாது. ஏழெட்டுப் பேர் தங்கள் தினசரி ஜெபத்தையும் வேதவாசிப்பையும் நடத்தையையும் குறித்து ஒருவருக்கொருவர் அஞ்சாமல் உண்மை சொல்லவும், தவறியவனை மறுவாரமும் அன்போடு எதிர்பார்க்கவும் கூடுமானால், வெஸ்லி நாடிய பயன் அங்கே கைகூடும். தலைவர் முதலில் பதில் சொல்லும் கூட்டத்திலேயே அத்தகைய துணிவு பிறக்கும்.